கண்டிச் சீமையின் தலைநகர்

தமிழக நாட்டுப்புறப் பாடல்களில் 'கண்டிச் சீமை' என்றொரு நாடு இடம்பெறும். காப்பியும் தேயிலையும் விளைந்த இலங்கை மலைநாடு முழுவதையும் அப்பெயர் குறித்தது. பெயரைத் தந்த நகரோ அளவிற் சிறியது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், மகாவலி ஆறு வளைந்தோட, மலைகளுக்கு நடுவே அமைந்த கண்டி, இன்று மத்திய மாகாணத்தின் தலைநகராகும். சிங்கள மக்கள் இதனை 'மகா நுவர', அதாவது பெருநகர் என்பர். 'மலைமேல் நாடு' எனப் பொருள்படும் 'கந்த உட ரட்ட' என்னும் சிங்களத் தொடரின் முதற்சொல்லை ஐரோப்பியர் நகரின் பெயராகக் கொண்டதால் கண்டி என்னும் பெயர் நிலைத்தது.

அரணாக நின்ற மலை

அரணுக்கு வள்ளுவர் கூறும் நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கும் கண்டிக்கு இயற்கையாகவே வாய்த்தன. கடற்கரைப் பகுதிகளைப் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் அடுத்தடுத்துக் கைப்பற்றிய காலத்திலும் மலைநாடு பணியவில்லை. 1594, 1630, 1638 ஆகிய ஆண்டுகளில் மலையேறி வந்த போர்ச்சுகீசியப் படைகள் அழிந்தன. 1803இல் நகருக்குள் நுழைந்த ஆங்கிலப் படைக்குக் கிடைத்தது மக்கள் நீங்கிய வெற்றூரே. மழையும் காய்ச்சலும் அப்படையைத் தளர்த்தின. எஞ்சியோரைக் கண்டிப் படை வீழ்த்தியது. பாதைகளை அகலப்படுத்தாமல் ஒற்றையடித் தடங்களாகவே விட்டுவைத்தது மன்னர்களின் போர்த்தந்திரம். பாதையின்மையே அவர்களுக்குப் பாதுகாப்பாயிற்று.

அரியணையும் ஆலயமும்

பகைவருக்கு அடைத்த வாயிலை உறவினருக்குக் கண்டி திறந்தே வைத்திருந்தது. அரச குடும்பத்தார் மதுரை நாயக்கர் குடியில் பெண்ணெடுத்து வந்தனர். 1739இல் நரேந்திரசிங்கர் வாரிசின்றி மறைந்தபோது, அவர்தம் அரசியின் உடன்பிறந்தார் ஸ்ரீ விஜய இராசசிங்கர் என்னும் பெயருடன் முடிசூடினார். அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். எனினும் நலிந்திருந்த பௌத்தத்தைப் புதுப்பித்த பெருமை அவருக்கே உரியது. சயாம் நாட்டிலிருந்து துறவியரை வரவழைத்து, அற்றுப்போயிருந்த துறவுநெறியை 1753இல் மீட்டார். அத்தகையவரையும் 1760இல் சில பிரபுக்களும் துறவியரும் கொல்லச் சூழ்ந்தனர். திருநீறு அணியும் வழக்கத்தை அவர் கைவிடவில்லை என்பது அவர்மேல் கூறப்பட்ட குறைகளுள் ஒன்று.

புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகையே நகரின் இதயம். ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நிகழும் எசல பெரகரா என்னும் ஊர்வலத்தில், அணிசெய்யப்பட்ட யானைகளும் மேளக்காரரும் கூத்தரும் தீப்பந்த ஒளியில் தெருக்களை நிறைப்பர். மாளிகையின் அணியைத் தொடர்ந்து நாதர், விஷ்ணு, கதிர்காமத்தெய்வம், பத்தினித்தெய்வம் ஆகியோரின் அணிகள் வரும். கதிர்காமத்தெய்வம் தமிழர் வணங்கும் முருகன். பத்தினித்தெய்வம் சிலப்பதிகாரத் தலைவியாகிய கண்ணகி. கண்ணகிக்குச் சேரன் எடுத்த விழாவில் இலங்கைக் கயவாகு மன்னன் கலந்துகொண்டதாக அக்காப்பியம் கூறும். பத்தினியின் அணியில் பெண்கள் ஆடிவருவது மரபு.

கண்டி ஏரியை வெட்டுவித்தவர் இறுதி மன்னரான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கர். 1807இல் தொடங்கிய அப்பணிக்குக் குடிமக்களைக் கட்டாயமாக ஈடுபடுத்தியதால் வெறுப்பு மூண்டது. இன்று காண்போர் கண்ணுக்கு விருந்தாகும் அந்நீர்நிலையைச் சுற்றி, மேகம் போன்ற வளைவுகளுடன் எழுந்த சுவர் முற்றுப்பெறாமல் நிற்கிறது. அதனை முடிக்க மன்னருக்குக் காலம் வாய்க்கவில்லை. பிரபுக்கள் சிலர் ஆங்கிலேயருடன் சேர்ந்தனர், மன்னர் சிறைப்பட்டார். 1815 மார்ச் 2இல் அரண்மனை மண்டபத்தில் கையெழுத்தான ஒப்பந்தம், அவர்தம் உறவினர் எவருக்கும் அரியணையில் உரிமையில்லை என அறிவித்தது. படைகளால் வெல்ல முடியாத நகரம் கையெழுத்துகளால் கைமாறியது. வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்ட மன்னர் 1832இல் மறைந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவர்தம் கல்லறை உள்ளது.

பாதை திறந்தபின்

மன்னர்கள் தவிர்த்த பாதையை ஆங்கிலேயர் முதலில் அமைத்தனர். கொழும்பிலிருந்து 1820களில் சாலையும், 1867இல் தொடர்வண்டியும் கண்டியை எட்டின. அதே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் நகருக்குத் தென்கிழக்கே லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் அமைத்தார். காப்பிச்செடியை இலைநோய் அழித்தபின் மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின.

இத்தோட்டங்களை உருவாக்கியவர்கள் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து சென்ற கூலித்தொழிலாளர். மன்னாரில் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கிப் பல நாள் நடந்தனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே இறந்தோர் பலர். இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் தாங்கள் பார்த்தேயிராத இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

யுனெஸ்கோ 1988இல் கண்டியை உலகப் பாரம்பரிய நகராக அறிவித்தது. அச்சிறப்பு தலதா மாளிகைக்கும் அரண்மனைக்கும் பழைய தெருக்களுக்கும் உரியது. மலைச்சரிவுகளில் வரிசையாக நிற்கும் 'லயன்' வீடுகள் அதற்குள் வரவில்லை. ஓர் அறையும் ஒரு திண்ணையுமாகத் தொழிலாளருக்குக் கட்டித்தரப்பட்ட அவ்வீடுகள் பலவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன.