மார்பகப் புற்றுநோய் திரும்பி வருமா? மரபணு போடும் மார்க்கு!



புற்றுநோய்னு சொன்னாலே பெரியவங்க குரலைத் தாழ்த்திடுவாங்க. மார்பகப் புற்றுநோய்னா பேச்சையே மாத்திடுவாங்க. பேசாமல் இருந்தால் நோய் போய்விடுமா? போகாது. அதனால் பேசுவோம், வாருங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு

கட்டியை எடுத்த பிறகும் இரண்டு கேள்விகள் நிற்கும். நோய் திரும்பி வருமா? கீமோ மருந்து ஏற்ற வேண்டுமா? கீமோ கொடுத்தால் முடி கொட்டும், வாந்தி வரும், உடம்பு அசந்துவிடும். மாசக்கணக்கில் வேலைக்குப் போக முடியாது. தேவையில்லாதவருக்குக் கொடுத்தால் வீண் கஷ்டம். தேவைப்படுபவருக்குக் கொடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. எப்படிக் கண்டுபிடிப்பது?

21 மரபணுச் சோதனை

இதற்காக அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டு வந்ததுதான் ‘ஆன்கோடைப் டிஎக்ஸ்’ சோதனை. எடுத்த கட்டியில் ஒரு சிறு துண்டை வைத்து 21 மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று பார்ப்பார்கள். 16 மரபணுக்கள் புற்றுநோய் சம்பந்தப்பட்டவை. 5 ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. கடைசியில் 0 முதல் 100 வரை மார்க்கு வரும். நம்ம பரீட்சைக்கு நேர் எதிர்! இதில் மார்க்கு குறைந்தால்தான் நல்லது.

ஒன்றைக் கவனியுங்கள். இது அம்மாவிடமிருந்து மகளுக்கு நோய் வருமா என்று பார்க்கும் சோதனை இல்லை. அது வேறு, அதற்கு ரத்தம் எடுப்பார்கள். இது கட்டியின் குணத்தை மட்டும் பார்ப்பது. எல்லா மார்பகப் புற்றுநோய்க்கும் இது பொருந்தாது. ஹார்மோனால் வளரும் வகைக்கு, ஆரம்ப நிலையில் மட்டும்தான்.

2018இல் ‘டெய்லர் எக்ஸ்’ ஆய்வின் முடிவு வந்தது. 6 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்தார்கள். 11 முதல் 25 வரை மார்க்கு வாங்கியவர்களில் ஒரு பாதிப் பேருக்கு ஹார்மோன் மாத்திரை மட்டும். மறுபாதிக்குக் கீமோவும் சேர்த்து. 9 ஆண்டுக்குப் பிறகு பார்த்தால் இரண்டு பக்கமும் 100க்கு சுமார் 94 பேர் உயிரோடு இருந்தார்கள்! ஆனால் 50 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் 16 முதல் 25 வரை வாங்கியவர்களுக்குக் கீமோ ஓரளவு உதவியது. அதனால் வயதையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

உடம்பு எடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1. மார்க்குப் போடும்போது எடையைச் சேர்ப்பதே இல்லை. குண்டானவருக்கும் குறைந்த மார்க்கு வரலாம். ஒல்லியானவருக்கும் அதிக மார்க்கு வரலாம்.

2. அதுக்காக எடை முக்கியமில்லைன்னு நினைக்காதீங்க. மாதவிடாய் நின்ற பிறகு உடம்பில் உள்ள கொழுப்புதான் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தயாரிக்கிறது. ஹார்மோனால் வளரும் கட்டிக்கு அதுதான் உரம். எடை மிக அதிகமான பெண்களுக்கு நோய் திரும்பி வருவது அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

3. கீமோ மருந்தின் அளவை உயரமும் எடையும் பார்த்தே கணக்கிடுவார்கள். முன்பு குண்டானவர்களுக்குப் பயந்துகொண்டு அளவைக் குறைத்தார்கள். அது தவறு, உண்மையான எடைக்கே கொடுங்கள் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012இல் சொல்லிவிட்டது.

கணக்குப் போடுவோமா?

எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இரண்டு முறை வகுக்க வேண்டும். 45 கிலோ, 1.5 மீட்டர் என்றால்: 45 ÷ 1.5 ÷ 1.5 = 20. பெரியவர்களுக்கு 18.5 முதல் 25க்குள் இருந்தால் சரியான எடை. நம் நாட்டவர்கள் 23 வந்தாலே கவனமாக இருக்க வேண்டும். (நம்ம வயசுக்குக் கணக்கு வேறு.)

சோதனை இல்லாவிட்டால்?

இந்தச் சோதனைக்கு லட்சக்கணக்கில் செலவாகும். ஏழைகள் எங்கே போவது? பயப்பட வேண்டாம். கட்டியின் அளவு, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருக்கிறதா, மைக்ராஸ்கோப்பில் செல் எப்படி இருக்கிறது என்று பார்த்தும் டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள். ஆனாலும் இந்தச் சோதனை எல்லா அம்மாக்களுக்கும் கிடைக்கிற காலம் வர வேண்டும்.

ஒரு வேண்டுகோள்! நோய் வந்தவரைப் பார்த்து, “நல்லா தின்னு உடம்பை ஏத்திக்கிட்டா, அதான் வந்துச்சு” என்று சொல்லாதீர்கள். ஒல்லியானவருக்கும் வருகிறது. எடை ஒரு காரணம்தான், குற்றம் இல்லை. மார்பில் கட்டி தென்பட்டால் வெட்கப்படாமல் உடனே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். இன்றைக்கே வீட்டில் அம்மாவிடம், அத்தையிடம், பாட்டியிடம் சொல்லுங்கள்.

வெட்கம் விடுவோம்! உயிர் காப்போம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி