சூடிப் பாராத மாலை

ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே தூரம் சுமார் 11 கிலோமீட்டர்தான். மேற்கே மலைத்தொடர் கூடவே வர, சிறிது நேரத்திற்கெல்லாம் வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் கண்ணிற்படும். இச்சிறு வழியைக் கடக்க ஒரு காவியம் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் சுற்றிவந்தது என்றால் அன்பர்கள் வியப்புறக் கூடும். எதற்காக எழுதுகிறோம் என்னும் வினா மனத்தை உறுத்தும்போதெல்லாம் அக்காவியத்தின் வரலாறே நமக்கு நினைவுக்கு வருகிறது.

விஜயநகரத்தை 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர், கலிங்கப் படையெடுப்பின் போது கிருஷ்ணா நதி தீரத்து ஸ்ரீகாகுளத்தில் தங்கினார். ஏகாதசி உபவாசமிருந்து துயின்ற அவரது கனவில் ஆந்திர விஷ்ணு தோன்றி, சமஸ்கிருதத்தில் நூல்கள் இயற்றிய நீ எமக்கென ஒரு நூலைத் தெலுங்கிலே செய்க என்று பணித்ததாகக் காவியத்தின் முகவுரை கூறுகிறது. பாட வேண்டிய கதையோ ஆண்டாளின் கதை. தெலுங்கில் ஏன் என்ற வினாவுக்கும் இறைவனே காரணம் காட்டுகிறான். கட்டளையிடுபவர்கள் காரணம் சொல்வது இக்காலத்தில் அரிதாகிவிட்டது, அது நிற்க.

இவ்வாறு பிறந்ததே ஆறு ஆச்வாசங்கள் கொண்ட 'ஆமுக்த மால்யதா'. சூடிக் கொடுத்தவள் என்பதே அப்பெயரின் கருத்து. சேனைகளை நடத்திய சக்கரவர்த்தி தமது காவியத்தை எங்கே தொடங்குகிறார்? தலைநகரிலன்று, போர்க்களத்திலுமன்று, பாண்டிநாட்டு வில்லிபுத்தூரின் வீதிகளில் தொடங்குகிறார். அங்கே மாலை கட்டிக் கொடுத்து வாழ்ந்த விஷ்ணுசித்தர், மாரியிலும் கோடையிலும் விருந்தினருக்கு இட்ட உணவு இன்னின்னது என்று பருவம் பிரித்துச் சொல்கிறார். பிறிதோரிடத்தில் யாமுனாசாரியர் வாயிலாக அரசியல் நெறி பேசும்போது, அரசாண்ட கையின் அநுபவம் தெரிகிறது. அரசனாயிருந்து அறிந்ததையும் அறிந்தார்; ஏழைப் பக்தனின் அடுக்களையையும் எட்டிப் பார்த்தார். நம் அரசியல் எழுத்தாளரிற் பலர் முதலாவதோடு நின்றுவிடுகின்றனர்.

அந்நூல் தமிழுக்கு வந்தது ராஜபாளையத்தின் வழியே. பல தலைமுறைகளுக்கு முன் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறி, இல்லத்தில் தெலுங்கும் வீதியில் தமிழுமாக வாழும் ராஜுக்களின் ஊர் அது. 1949-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரான ஸ்ரீ பூ. ச. குமாரசுவாமி ராஜா பிறந்த ஊர் என்று தேசபக்தர்கள் அதனை அறிவர். அவ்வூரினரே காலஞ்சென்ற பன்மொழிப் புலவர் மு. கு. ஜகந்நாத ராஜா (1933–2008). சமஸ்கிருதம், பிராகிருதம், பாலி முதலிய மொழிகளையும் பயின்றவர். பிராகிருத 'காதா சப்தசதி'யையும் தமிழாக்கியவர். சாகித்திய அகாடமி மொழிபெயர்ப்புக்கெனப் பரிசு வழங்கத் தொடங்கிய 1989-ம் ஆண்டிலேயே, 'ஆமுக்த மால்யதா'வின் தமிழாக்கத்திற்காக அப்பரிசு அவருக்குக் கிடைத்தது. அண்டை ஊரில் நடந்த கதை, துங்கபத்திரைக் கரை சென்று தெலுங்காகி, அண்டை ஊரார் ஒருவர் கையாலேயே தமிழாகித் திரும்பிற்று. இரு மொழிகளுள் எது உயர்ந்தது என்று மேடையில் வாதிடுவோர் இந்த ஒரு செயலைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

மூலக்கதை எல்லோரும் அறிந்ததே. இறைவனுக்கெனத் தொடுத்த மாலையைக் கோதை தன் கழுத்தில் அணிந்து அழகு பார்த்தாள். அவள் முகம் பார்த்த கிணறு என்று கோயிலில் ஒன்றை இன்றும் காட்டுகிறார்கள். தந்தை கண்டு வருந்தினார். புது மாலை கட்டினார். இறைவனோ சூடிய மாலையே வேண்டுமென்றான். எழுத்துத் தொழிலுக்கு இதைவிட நேரான உபமானம் நமக்குத் தெரியவில்லை. தன் மேனியிற் படாத சொல்லைத் தூய்மையானது என்று எண்ணிப் பிறர்க்கு நீட்டுகிறோம். கொள்வாரில்லை என்று குறையும் பட்டுக்கொள்கிறோம்.

பெயருக்காக எழுதுகிறான் என்பது எழுத்தாளன் மேல் சுமத்தப்படும் வழக்கமான குற்றம். இதில் நாம் முற்றிலும் உடன்படோம். கோதையும் தன் பதிகங்களின் முடிவிலே பெயரைப் பதித்தாள். ஆனால் தந்தையின் பெயரையும் ஊரின் பெயரையும் அதனருகே வைத்தாள். தனியே நிற்கும் பெயர்தான் கண்ணை உறுத்துகிறது.

நமது குற்றமும் ஒன்றுண்டு. இளமையில் நூலாலைத் தொழிலாளரைக் குறித்து ஒரு நீண்ட வியாசம் வரைந்தோம். உரிமை, உழைப்பு, சுரண்டல் என்று உயர்ந்த சொற்கள் யாவும் அதில் இடம்பெற்றன. கூட்டமொன்றில் படித்தபோது கைதட்டலும் கிடைத்தது. மறுநாள் முதிய தொழிலாளி ஒருவர் வழியில் நிறுத்தி, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா இழை அறுந்தா கை எப்படிப் போகும்னு ஒரு வரிகூட இல்லையே" என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. அதனாலேயே அன்றிரவு உறக்கம் வரவில்லை. சுரண்டல் என்ற சொல் பொய்யன்று. ஆனால் அதை எங்கிருந்தோ எடுத்து வந்தோமேயன்றி, அந்தக் கையைக் கண்டு நாமே அறிந்துகொள்ளவில்லை. மாலையைக் கூடையோடு கொண்டுபோய் வைத்தவர்கள் நாம்.

பின்னர் அவர் வீட்டுத் திண்ணையில் பல மாலைப் பொழுதுகள் கழிந்தன. அறுந்த இழையைப் பிணைக்கும் விதத்தை விரல்களால் வெறுங்காற்றிலே செய்து காட்டினார். பஞ்சுத் தூசியால் இரவில் வரும் இருமலைப்பற்றி அவர் மனைவியார் கூறினார். வியாசத்தை மறுபடி எழுதினோம். அளவில் பாதியாயிற்று, சுரண்டல் என்ற சொல் ஒரே இடத்தில் நின்றது. அவரிடம் படித்துக் காட்டினோம். முழுதும் கேட்டுவிட்டு, இரண்டு இடங்கள் தவறு என்றார். அவ்விரண்டையும் திருத்தினோம்.