ரேடியோவில் கேட்ட பாட்டு மொபைல் லிஸ்ட்டுக்கு எப்படி வருது? ஸ்டேஷன்களின் 'பாட்டுக் கணக்கு' பற்றி ஒரு விளக்கம்

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கும் பஸ். டிரைவர் எஃப்எம் போட்டிருக்கிறார், நல்ல பாட்டு ஒன்று ஓடுகிறது. ஆர்ஜே பெயரைச் சொல்வதற்குள் வளைவு வந்து சத்தம் கரகரவென்று அறுந்துவிடுகிறது. ஜவ்வாது மலைப் பயணத்தில் இது புதுசில்லை. எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்க்கோட்டில்தான் போகும், மலை குறுக்கே நின்றால் நிழல் விழும்.

போன பாட்டைத் திரும்பப் பிடிக்க ஒரு வழி உண்டு. வெளிநாட்டு ஸ்டேஷன்கள் பல, தாங்கள் ஒலிபரப்பிய பாடல்களின் பட்டியலை ஆன்லைன் இசைத் தளங்களில் பகிர்கின்றன. அது எப்படி நடக்குது? நம்ம ஊரில் அதற்கு என்ன தடை?

இது எப்போது ஆரம்பித்தது?

2002-ல் லண்டனில் தொடங்கிய லாஸ்ட்.எஃப்எம் தளம், ஒருவர் கேட்கும் ஒவ்வொரு பாட்டையும் அவர் கணக்கில் தானாகவே குறித்துவைத்தது. தனி ஆளுக்கு இருந்த அந்த வசதியை ஸ்டேஷன்களும் எடுத்துக்கொண்டன. பிபிசி ரேடியோ 6 மியூசிக் போன்றவை தங்கள் பெயரிலேயே கணக்கு வைத்துப் பாடல்களைப் பதிந்தன. 2013 அக்டோபரில் பிபிசி 'பிளேலிஸ்டர்' என்ற சேவையைக் கொண்டுவந்தது. அது இருந்த காலத்தில், ரேடியோவில் பிடித்த பாட்டைக் குறித்துக்கொண்டு ஸ்பாட்டிஃபை, யூடியூப், டீசர் தளங்களில் முழுசாகக் கேட்க முடிந்தது.

பின்னால் என்ன நடக்கிறது?

இன்றைய ஸ்டேஷன்களில் பாட்டைப் போடுவது பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான். எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு ஓடியது என்ற கணக்கு அதில் தானாகவே பதிவாகும். அந்தக் கணக்கை இசைத் தளத்தின் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தும் பாட்டை லிஸ்ட்டில் சேர்ப்பதுதான் வேலை. இங்கே போவது பாட்டின் பெயர் மட்டுமே, ஆடியோ அல்ல. ஒலிக்கும் பாட்டுக்கான உரிமையை அந்தந்த இசைத் தளம் தனியாக வாங்கியிருக்கும்.

தமிழ்ப் பாட்டில் என்ன சிக்கல்?

பெயர்தான் சிக்கல். 'மின்னலே' (2001) படத்தின் 'வசீகரா' பாடலையே பாருங்கள். ஆங்கில எழுத்தில் ஒருவர் இரண்டு 'ஈ' போடுவார், இன்னொருவர் ஒற்றை 'ஐ' போடுவார். கலைஞர் என்ற இடத்தில் ஒரு தளம் ஹாரிஸ் ஜெயராஜ் பெயரைப் போடும், இன்னொன்று பாம்பே ஜெயஸ்ரீ பெயரைப் போடும். எழுதிய தாமரை பல இடங்களில் காணாமலே போவார். இதே பெயரில் 2003-ல் விஜய் படமும் வந்தது. அதே மெட்டில், அதே பாடகி பாடிய இந்திப் பாட்டும் இருக்கிறது. மெஷின் குழம்பாமல் என்ன செய்யும்?

இதற்குத்தான் ஐஎஸ்ஆர்சி என்ற 12 இலக்கக் குறியீடு. ஆதார் எண் மாதிரி, ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனி எண். ஸ்டேஷன் கணக்கில் அந்த எண்ணும் இருந்தால் பொருத்துவது எளிது.

சட்டம் என்ன சொல்கிறது?

2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு, உரிமையாளரிடம் தனித்தனியாக அனுமதி கேட்காமல், முன்னறிவிப்பும் நிர்ணயித்த கட்டணமும் கொடுத்துப் பாடல்களை ஒலிபரப்ப வழிசெய்கிறது. ஆனால் நிபந்தனை உண்டு. படைப்பாளிகள், முக்கியக் கலைஞர்களின் பெயரை ஒலிபரப்போடு அறிவிக்க வேண்டும். கணக்கு வைத்து உரிமையாளருக்கு அறிக்கை தர வேண்டும்.

இலங்கை வானொலி, விவித் பாரதி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த பழக்கம்தான். படம், பாடியவர், எழுதியவர், இசை என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டு வரும். ஆன்லைன் பட்டியல் செய்வதும் அதே வேலைதான். யார் பாட்டு, எத்தனை முறை ஓடியது என்பது வெளியே தெரிந்தால், சேர வேண்டிய காசு சேர்ந்ததா என்று கேட்க ஒரு பாடலாசிரியருக்குக் கையில் ஆதாரம் இருக்கும்.

ஆன்லைன் ஒலிபரப்புக்கு 31டி பொருந்தாது என்று டிப்ஸ் - விங்க் வழக்கில் 2019-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022-ல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. அதனால் பாட்டையே இணையத்தில் ஓடவிட நினைத்தால் ஸ்டேஷன் தனியாகப் பேசி உரிமம் வாங்க வேண்டும். பெயர்ப் பட்டியலைப் பகிர்வதில் இந்தப் பிரச்னை வராது.

லிஸ்ட்டில் இல்லாத பாட்டு?

இசைத் தளத்தில் ஏறாத பாட்டு இந்தப் பட்டியலுக்குள் வரவே வராது. ஜவ்வாது மலையின் மலையாளி பழங்குடி மக்கள் திருவிழாவில் பாடும் பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும், பதிவும் எண்ணும் இல்லையென்றால் மெஷினுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இங்கே சமுதாய வானொலிக்கு வேலை இருக்கிறது. 100 வாட் வரைதான் அனுமதி என்றாலும், நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும் என்பது விதி. பாடியவர் பெயரோடு பதிவுசெய்து தளத்தில் ஏற்றினால், அந்தப் பாட்டும் கணக்கில் வரும்.

ஒரு எச்சரிக்கை: தளங்கள் நிரந்தரமில்லை. ரெஸ்ஸோவும் விங்க் மியூசிக்கும் 2024-ல் இந்தியாவில் மூடப்பட்டன. லிஸ்ட்டின் ஒரு பிரதி ஸ்டேஷன் இணையதளத்திலும் இருப்பது நல்லது.

இப்போதைக்கு நீங்கள் என்ன செய்யலாம்?

பாட்டு ஓடிய நேரத்தையும் ஸ்டேஷன் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனின் தளத்திலோ ஆப்பிலோ 'சற்றுமுன் ஒலித்தவை' பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஷாசம் ஆப் பாட்டின் அடையாளத்தைச் சேமித்துவைத்து, நெட் கிடைத்ததும் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லும். பஸ் கீழே இறங்குவதற்குள் ரேடியோ அறுந்துபோனாலும் பாட்டு கைவிட்டுப் போகாது.