மெக்கானிக் ஷெட்டில் ஒரு துண்டுச் சீட்டு

வாரண்டி முடிந்த வண்டியைப் பலரும் கொண்டுபோய் விடுவது பக்கத்துத் தெரு மெக்கானிக் ஷெட்டில்தான். அது தவறான முடிவு அல்ல. கூலி குறைவு, வேலை கண்ணெதிரே நடக்கிறது, வண்டியைப் பிரித்தவரிடமே நேராகப் பேசலாம். ஆனால் அங்கே மனக்கசப்பு வரும்போது அது பெரும்பாலும் தெரிந்த வடிவங்களில்தான் வருகிறது. சொன்ன தொகைக்கு மேல் கேட்பார்கள், மாற்றாத பாகத்தை மாற்றியதாகக் கணக்கு வரும், ஒரிஜினல் என்ற பெயரில் டூப்ளிகேட் உள்ளே போயிருக்கும், போன வாரம் செய்த வேலை இந்த வாரம் மறுபடி கெடும். இவற்றுக்கெல்லாம் சட்டத்தில் பரிகாரம் உண்டு. பலரிடம் இல்லாதது, என்ன பேசி வண்டியை விட்டோம் என்பதற்கான எழுத்து.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் பழுதுபார்ப்பு அதன்படி ஒரு சேவை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கும் ஒற்றை ஆள் பட்டறைக்கும் அதில் வேறுபாடு இல்லை. செய்த வேலைக்கு ரசீது தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரைச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சொந்த ஆட்டோவை ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துபவரும் நுகர்வோர்தான். ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போகிற அவருக்குத்தான் இந்த உரிமை மிகவும் தேவை.

எழுத்து என்றால் பத்திரம் அல்ல. வண்டியை விடும்போது கிலோமீட்டர் அளவு, பெட்ரோல் அளவு, ஏற்கெனவே உள்ள கீறல், சொன்ன கோளாறு, மதிப்பிட்ட தொகை ஆகியவை ஒரு தாளில் இருந்தால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பி, “சரி” என்று ஒரு பதில் வாங்கினாலும் போதும். “பிரித்துப் பார்க்காமல் தொகை எப்படிச் சொல்வது?” என்று மெக்கானிக் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. இன்ஜினைத் திறந்த பிறகுதான் பிஸ்டன் தேய்ந்திருப்பது தெரியும். ஆகவே அவரைக் கட்டிப்போட வேண்டியதில்லை. இந்தத் தொகையைத் தாண்டினால் என்னைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்ற வரம்பை எழுதினால் இருவருக்கும் நல்லது. மாற்றிய பழைய பாகத்தையும் புதியது வந்த பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். போலிப் பாகம் பணத்தை மட்டும் தின்பதில்லை. மட்டமான பிரேக் ஷூ அடுத்த மழையில் உயிரையே கேட்கும்.

“பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும், வேண்டாமே” என்பது அடிக்கடி கேட்கும் வாதம். இதைக் கேட்டுப் பின்வாங்குபவர்கள் பலர். ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டாத, ஜிஎஸ்டி பதிவு செய்யாத சேவைக் கடை அந்த வரியை வசூலிக்கவே கூடாது. வரி இல்லாத ரசீதும் ரசீதுதான். கடையின் பெயர், முகவரி, தேதி, மாற்றிய பாகங்கள், கூலி ஆகியவை தனித்தனியாக அதில் இருக்க வேண்டும். பத்து வருடப் பழக்கத்தில் எழுதிக் கேட்டால் மனம் நோகுமே என்ற தயக்கம் இதைவிட ஆழமானது, மதிக்கத்தக்கதும்கூட. ஆனால் அந்தச் சீட்டு மெக்கானிக்கையும் காக்கிறது. இல்லாத கீறலை அவர் தலையில் கட்ட முடியாது, பேசிய கூலியைக் குறைக்கவும் முடியாது.

சட்டம் அவர் பக்கமும் நிற்கிறது என்பதை மறக்கக்கூடாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்புக்கொண்ட வேலையை முடித்தவர் அதற்கான கூலி கிடைக்கும்வரை வண்டியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். அதே சட்டம், தன் கையில் உள்ள வண்டியைச் சொந்தப் பொருள்போலக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமையையும் அவருக்குத் தருகிறது. தொகையில் தகராறு என்றால் சாவிக்காகச் சண்டையிடுவதைவிட, ஆட்சேபத்துடன் செலுத்துவதாக ரசீதிலேயே எழுதிவிட்டு வண்டியை எடுத்து, பிறகு முறையிடுவது மேல்.

வெளியே விட்டால் வாரண்டி போய்விடும் என்ற பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் கோளாறு கண்டறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதே முக்கியக் குற்றச்சாட்டு. வெளியில் பழுதுபார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்றும் ஆணையம் கூறியது. அந்த ஆணை மேல்முறையீட்டுக்குப் போனதால், வாரண்டிக் காலத்தில் உள்ளவர்கள் வாரண்டிப் புத்தகத்தைப் படித்துவிட்டு முடிவெடுப்பதே பாதுகாப்பு.

பேசியும் தீரவில்லை என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதன்பின் எழுத்தில் ஒரு நோட்டீஸ். அதற்கும் பதில் இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. மூவாயிரம் ரூபாய்க்காக அலைவதா என்பவர்களுக்கு நோட்டீஸோடு நிறுத்திக்கொள்ளும் வழியும் திறந்தே இருக்கிறது. எந்த வழியில் போனாலும், கெட்ட வேலையைச் சரிசெய்ய இன்னொரு பட்டறையில் பிரிப்பதற்கு முன் படம் எடுத்து, அங்குள்ள மெக்கானிக்கிடம் என்ன கோளாறு என்று எழுதி வாங்கிவிடுங்கள். பிரித்த பிறகு, யார் கெடுத்தது என்ற கேள்விக்கு விடை கிடைப்பது கடினம்.