உங்களுக்குத் தெரியுமா? இருளர் பிள்ளைக்கு இத்தனை சட்டம்!

படாளம் என்றால் சர்க்கரை ஆலைதானே என்பீர்கள். அந்தப் பக்கத்து ஏரிக்கரைகளையும் கொஞ்சம் பாருங்கள். இருளர் குடிசைகள்! தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இருளர். 2011 கணக்கெடுப்பில் 1,89,661 பேர்!

அந்தக் குடிசைப் பிள்ளைக்குத் தாசில்தார் சாதிச் சான்றிதழ் தர முடியாது! பழங்குடி என்றால் வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. கையெழுத்துதான் செல்லும். படாளத்துக்கான ஆர்.டி.ஓ. இருப்பது மதுராந்தகத்தில்!

அதே ஆர்.டி.ஓ. இன்னொரு தாளிலும் கையெழுத்துப் போடுவார். கொத்தடிமை விடுதலைச் சான்று! செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் முன்பணம் வாங்குவது அப்பாவும் அம்மாவும். கூடவே கரும்புச் சோகை பொறுக்குவது பிள்ளை. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்த முன்பணப் பாக்கி, ஆயிரமோ லட்சமோ, செல்லாக்காசு!

இன்னும் கேளுங்கள். 'இது கொத்தடிமைக் கடன்' என்று தொழிலாளி சொன்னால் போதும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்! சட்டத்தின் 15-வது பிரிவு. வக்கீல் நண்பர் யாராவது இருந்தால் மடக்கிப் பாருங்கள்!

மீட்கப்பட்ட ஆணுக்கு மறுவாழ்வுத் தொகை 1 லட்சம். குழந்தைக்கு? 2 லட்சம்! ஆனால் முழுத்தொகை வர வழக்கில் தண்டனை கிடைத்தாக வேண்டும். உடனடி உதவி அதிகபட்சம் 30,000 ரூபாய்தான். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத நிபந்தனை அந்தத் தண்டனை நிபந்தனை!

பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே குற்றம்! 1933-ல் வந்த சட்டம். அடகு வைத்த பெற்றோருக்கு அபராதம் 50 ரூபாய் வரை, முதலாளிக்கு 200 வரை!

உங்கள் பிள்ளையைப் பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரியில் போடும் ஊசி இருக்கிறதே, அதற்கான விஷத்தில் பெரும்பங்கு வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் சங்கத்திலிருந்து போகிறது! 1978-ல் தொடங்கிய சங்கம். அதைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ!

இருளராவது பழங்குடிப் பட்டியலில் இருந்தார்கள். மாமல்லபுரம் பூஞ்சேரியின் நரிக்குறவர் பிள்ளைகள் 2023 ஜனவரி வரை சட்டப்படி பழங்குடியே இல்லை! பட்டியலில் சேர்க்கலாம் என்று மத்திய அரசின் லோகூர் குழு சொன்னது 1965-ல். தாத்தாவுக்குச் சொன்னது பேரனுக்கு வந்தது!

இனி உலகக் கணக்கு. 2007-ல் ஐ.நா. சபையில் பழங்குடியினர் உரிமைப் பிரகடனம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 144, இந்தியாவும் சேர்த்தி! எதிர்த்தவை நான்கே நாடுகள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து! நம்ப முடிகிறதா?

பள்ளி நேரத்தில் சூளையிலோ கரும்புத் தோட்டத்திலோ ஒரு பிள்ளை வேலை செய்வதைப் பார்த்தால் 1098-க்குப் போன் போடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். செலவு 0 ரூபாய்!