வீட்டில் வளர்ந்த குதிரை: ஒரு படி ஏற்றுவது எப்பொழுது?

சித்திரைப் புத்தாண்டையொட்டி நுவரெலியாவுக்குப் போய் வந்த குடும்பங்களுக்குக் குதிரை புதிய பிராணி அன்று. பந்தயத் திடலின் ஓரத்திலும் கிறகரி வாவிக் கரையிலும் கடிவாளத்தைப் பிடித்தபடி நிற்பவரிடம் பேரம் பேசி, குழந்தையைச் சேணத்தின்மீது ஏற்றிவைத்து ஒரு சுற்றுச் சுற்றிவரச் செய்யாத தந்தையர் சிலரே. இறங்கியதும் குழந்தை கேட்கும் முதற் கேள்வி, “இந்தக் குதிரை தடை தாண்டுமா?” என்பதுதான்.

தாண்டுமா என்பது சிறிய கேள்வி. உடல்நலமுள்ள குதிரை எதுவும் ஓரளவுக்குத் தாண்டும். தாண்டப் பழகிய இளங்குதிரையை அடுத்த படிக்கு எப்பொழுது கொண்டு செல்வது என்பதே பெரிய கேள்வி. இதில் பிழைபட்டால் குதிரையின் காலும் சவாரி செய்பவரின் கழுத்தும் ஒருங்கே ஆபத்துக்குள்ளாகும். குட்டியாக இருந்த நாளிலிருந்து தம் வீட்டு லாயத்திலேயே வளர்த்த குதிரையென்றால் சங்கடம் இன்னும் அதிகம். அது ஏன் என்பதைப் பற்றியே இங்கே எழுத எண்ணுகிறோம்.

அவசரத்தின் விளைவை மலைநாடு நெடுங்காலத்துக்கு முன்பே கண்டிருக்கிறது. 1848ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவிலே ஒரு பண்ணை அமைக்கும் நோக்கத்துடன், தம் சகோதரர் ஜோன் முதலியோருடன் இங்கிலாந்திலிருந்து மாடு, ஆடு, குதிரை, வேட்டைநாய் எல்லாவற்றையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். அவருடைய குதிரைக்காரர் பேர்க்ஸ் என்பவர் மலைப்பாதையில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் உருட்டிவிட்டார். அத்துடன் நின்றாரா? பின்னர் ஒரு யானையையும் குதிரையென்றே எண்ணினாற்போல மலைப்பாதையில் விரட்டிச் சென்றார். அந்த யானை களைத்துச் செத்தது. 1855இல் வெளியான தமது நூலில் பேக்கர் இதை வேடிக்கையாகவே சொல்கிறார். நமக்கென்னவோ வாசிக்கும்போது சிரிப்பு வருவதில்லை. வலிமை மிக்க விலங்காயினும், பழக்கமில்லாத ஏற்றத்தில் பழக்கமில்லாத வேகத்தில் செலுத்தினால் உயிரைக் கொடுத்துவிடும் என்பதற்கு அந்த யானையே சாட்சி.

ஹற்றனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் புகையிரதம் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னும், மோட்டார் வாகனம் பரவும்வரை பின்னும், தோட்டத்துத் துரைமாருக்குக் குதிரையே கால். அக்குதிரைகளைத் தேய்த்து, தீனி வைத்து, சில வேளைகளில் துரையின் குதிரைக்கு ஈடாக ஓடவும் செய்தவர்கள் நம்மவர்களே. குதிரைக்கு லாயம், தொழிலாளிக்கு லயம். இரண்டுக்கும் இடையே ஒரு காலெழுத்துத்தான் வேறுபாடு! அக்காலத்துக் குதிரைக்காரர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. நுவரெலியாவில் 1875 முதல் நடந்துவந்த பந்தயங்களின் வெற்றிகள் மட்டும் பதிவாகியுள்ளன.

குதிரையை வீட்டிலேயே பிறப்பித்து வளர்ப்பது தமிழ் நாட்டின் பழைய வழக்கமும் அன்று. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்ட மாணிக்கவாசகரின் கதை சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். குதிரை கடல்வழியே வருவது. விலை கொடுத்து வாங்குவது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைகளைப் பார்த்துச் சென்ற மார்க்கோ போலோவும் இந்த இறக்குமதியையே வியந்து எழுதினார். நமது தீவில் நெடுந்தீவு ஒரு விதிவிலக்கு. அங்கே அந்நியர் ஆட்சிக்காலத்தில் குதிரை வளர்த்தார்கள். அவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் அத்தீவில் கட்டின்றி மேய்ந்து திரிகின்றன.

இனி, படிகள் என்று நாம் சொல்வது எவை என்று பார்ப்போம். குதிரையேற்றக் கலைகளுள் மிகக் கடினமானது ஈவென்டிங் எனப்படும் மூன்று நாட் போட்டி. குதிரைப்படை வீரர்களின் சோதனையாகப் பிறந்து, 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. முதற் பகுதி டிரெஸாஜ்: குதிரை செவ்வகத் திடலில் அமைதியாக, கட்டளைக்கு இணங்கி நடைபயில வேண்டும். அடுத்தது கிராஸ் கன்ட்ரி: காடு மேடு, பள்ளம், நீர்நிலை ஆகியவற்றினூடே அசையாத திடமான தடைகளைத் தாண்டிப் பாய்ந்தோட வேண்டும். கடைசியாக ஜம்பிங்: தட்டினால் விழும் வர்ணக் கம்பங்களைத் தாண்ட வேண்டும். முதல் நாள் துறவியைப்போல் அடங்கி நிற்கும் குதிரை மறுநாள் போர்வீரனாக வேண்டும். அதற்கடுத்த நாள் மீண்டும் கவனமுள்ள மாணவனாக வேண்டும். ஒரே பிராணியிடம் இத்தனையும் எதிர்பார்ப்பது சற்று அநியாயந்தான்.

சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் இப்போட்டிகளை ஒரு நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை வகுத்திருக்கிறது. கிராஸ் கன்ட்ரியில் ஒரு நட்சத்திரப் போட்டியின் திடமான தடை 1.05 மீற்றர் உயரம். வேகம் நிமிடத்துக்கு 500 மீற்றர். ஐந்து நட்சத்திரத்தில் உயரம் 1.20 மீற்றர், வேகம் 570 மீற்றர். இவ்வளவுதானா வித்தியாசம் என்று வாசகர்கள் கேட்கலாம். முதற் படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையே ஐந்தே சென்ரிமீற்றர்! இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். உயரத்தை அளவுகோலால் அளந்துவிடலாம்; கேள்வியின் கடினத்தை அளக்க முடியாது. கீழ்ப் படியில் ஒரு தடை தனியாக, அகலமாக, நேராக நிற்கும். மேற்படியில் அதே தடை ஒடுங்கி நிற்கும், சரிவில் நிற்கும், அதைத் தாண்டிய மறுகணமே தண்ணீருக்குள் குதிக்க வேண்டியிருக்கும், நீரிலிருந்து ஏறியதும் கோணலாக இன்னொரு தடை காத்திருக்கும். குதிரை காலால் தாண்டுவதற்கு முன் தலையால் தாண்ட வேண்டும்.

ஆகவே நாம் பார்க்க வேண்டியது குதிரை எவ்வளவு உயரம் தாண்டுகிறது என்பதையன்று. தவறு நேர்ந்தபோது அது என்ன செய்கிறது என்பதையே பார்க்க வேண்டும். தூரத்தைப் பிழையாகக் கணித்து ஒரு தடையில் குளம்பு இடறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தடைக்குப் போகும்போது காதுகளை முன்னே நீட்டி, “சரி, இனிப் பார்த்துக்கொள்கிறேன்” என்பதுபோல் போகிறதா? அல்லது கண்ணை உருட்டிக்கொண்டு, கடிவாளத்தை இழுத்துப் பறித்துக்கொண்டு, கண்மூடித்தனமாக விரைகிறதா? முதலாவது குதிரை மேலே போகலாம். இரண்டாவது குதிரை எவ்வளவு உயரம் தாண்டினாலும் இருக்கும் படியிலேயே இன்னும் சில மாதங்கள் இருக்கட்டும். பயந்து விரைவதைத் துணிவென்று எண்ணிக்கொள்வது இத்துறையில் மிகச் சாதாரணமான பிழை. மிக அபாயகரமான பிழையும் அதுவே. இருக்கும் படியின் வேலை குதிரைக்கு ஓரளவு சலிப்புத் தட்டும்வரை காத்திருப்பதே நலம் என்பது நமது அபிப்பிராயம்.

உடலும் தன் கணக்கை வைத்திருக்கிறது. சில வாரப் பயிற்சியில் குதிரையின் மூச்சு நீண்டுவிடும்; தசைகளும் விரைவில் திரளும். எலும்பும் தசைநாணும் அப்படியல்ல. அவை உறுதிப்பட மாதங்கள் பல செல்லும். முதுகெலும்பின் வளர்ச்சி ஐந்தரை, ஆறு வயதுக்குப் பிறகே முற்றுப்பெறுகிறது. மூச்சு “போதும்” என்று சொல்லாத குதிரையில் நாண் “போதும்” என்று சொல்லிவிடும். அப்போது காலம் கடந்திருக்கும். ஐந்து நட்சத்திரப் போட்டிக்கு எட்டு வயது நிரம்ப வேண்டும் என்று சம்மேளனம் விதித்திருப்பது இதனாலேயே.

படியைத் தவறாக எடைபோட்டால் நேர்வதற்கும், திருந்தி எடைபோட்டால் கிடைப்பதற்கும் நம் அண்டை நாடே உதாரணம். 1980இல் மொஸ்கோ ஒலிம்பிக்கிற்கு இந்தியா ஈவென்டிங் அணியை அனுப்பியது. பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது, வந்திருந்தவர்கள் குறைவு. ஆனால் தடைகள் எவரையும் புறக்கணிக்கவில்லை. இந்திய அணியால் போட்டியை முடிக்க இயலவில்லை. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில், தங்கள் நிலைக்கு ஏற்ற படியில், ரகுபீர் சிங் ‘ஷாஸாதா’ என்ற குதிரையில் தனிநபர் தங்கத்தை வென்றார். அணித் தங்கமும் இந்தியாவுக்கே கிடைத்தது. வீரர்களின் துணிச்சல் இரண்டு ஆண்டுகளில் மாறியிருக்கும் என்று நாம் நினைக்கவில்லை. கேட்கப்பட்ட கேள்விதான் மாறியிருந்தது.

வீட்டில் வளர்ந்த குதிரைக்கு வருவோம். இதில் உலகப் பிரசித்தி பெற்றது ‘டப்லெட்’. எலிசபெத் மகாராணியாரின் சொந்த வளர்ப்பில் 1963இல் பிறந்த இக்குதிரையின் தாய் ஆர்ஜென்டினாவிலிருந்து வந்த போலோக் குதிரை. போலோவுக்கென்று நினைத்த குட்டி அளவுக்கு மீறி உயர்ந்துவிட, மகள் ஆன் இளவரசியின் கைக்கு வந்தது. அலிசன் ஒலிவர் என்ற பயிற்சியாளரின் கண்காணிப்பில் படிப்படியாக ஏறி, 1971 வசந்தத்தில் பாட்மின்டன் போட்டியில் ஐந்தாம் இடம் பெற்றது. அதே ஆண்டில் பர்லியில் நடந்த ஐரோப்பியச் சாம்பியன் பட்டத்தையும் வென்றது. 1974இல் ஒரு சாதாரணப் பயிற்சி நேரத்தில் அதன் கால் முறிந்தது. சுட்டுக் கொல்வதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. எந்தத் தடையும் அப்போது எதிரே இல்லை. எவ்வளவு முறையாக வளர்த்தாலும் குதிரையின் கால் கண்ணாடிக் குவளைதான்.

டப்லெட்டின் கதையில் நாம் கவனிக்க வேண்டிய பெயர் அலிசன் ஒலிவர். அரண்மனைக்குச் சொந்தமான குதிரைக்கும் வெளியார் ஒருவரின் கண் தேவைப்பட்டது. பிறந்த இரவு முதல் பார்த்து வளர்த்தவர்களுக்கு இரு வகையில் கண் மறைந்துவிடும். ஒரு சாரார், “நம் பிள்ளைக்கு எல்லாம் முடியும்” என்று மேலே தள்ளுவார்கள். மறு சாரார், “பாவம், இன்னும் குட்டிதானே” என்று பத்து வயதுக் குதிரையையும் கீழ்ப் படியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். பின்னது ஆபத்தில்லைப்போல் தோன்றும். ஆனால் வேலையில் மனம் ஒன்றாத குதிரை அசட்டையாகக் காலைத் தொங்கவிட்டுத் தாண்டும்; அதனாலும் விழும். பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பும் பெற்றோருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய குதிரையைப் பயிற்றுவதற்கு மலைநாட்டைப் போன்ற நிலம் அரிது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. தோட்டத்து வண்டிப்பாதையில் மெல்லோட்டமாக ஏறும் குதிரையின் பின்தொடையும் மூச்சும் ஒருங்கே வலுப்பெறும். சமதரையில் விரைந்து ஓடுவதால் காலுக்கு ஏற்படும் அதிர்ச்சியும் இல்லை. இறக்கத்தில் மாத்திரம் நடையே போதும். முன்கால்கள் அதற்கு நன்றி செலுத்தும். கொழுந்து மலையைப் பார்த்தால் இயற்கையே கிராஸ் கன்ட்ரித் தடைகளை அமைத்து வைத்ததுபோல் தோன்றும். தண்ணீர் வடியும் கான் இருக்கிறது, ஓடை இருக்கிறது, கல்வைத்த படிக்கட்டு இருக்கிறது. கான் ஒன்றை முதன்முறை கண்ட இளங்குதிரை முதலையைக் கண்டதுபோல் நிற்கும். அடிக்காமல், திட்டாமல், வயதான குதிரை ஒன்றை முன்னே நடத்திக் காட்டினால் பத்தாவது நாள் அது நடையிலேயே கடந்துவிடும். தேயிலைச் செடியின் நடுவே மட்டும் குதிரையை விடலாகாது. கவ்வாத்து வெட்டிய மலையின் கூரான கட்டைகள் குளம்பையும் வயிற்றையும் கிழித்துவிடும். ஹற்றன் பக்கத்தில் வைகாசிக்குப் பின் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நிலம் வழுக்கும். அம்மாதங்களில் படியேற்றும் எண்ணத்தையே ஒத்திவைத்து, திடலில் டிரெஸாஜ் பழக்குவது புத்தி.

உடற்பயிற்சி போதுமா என்று அறிய எளிய வழியொன்று உண்டு. ஓய்விலிருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு ஏறக்குறைய 28 முதல் 44 வரை துடிக்கும். கடுமையான ஓட்டம் முடிந்து பத்து நிமிடத்தில் அது 64க்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த வேலை குதிரையின் சக்திக்கு உட்பட்டது. தாடை எலும்பின் கீழ் விரலை வைத்து மாணவர்களும் எண்ணிப் பார்க்கலாம்.

நம் காலத்தில் பொறுமையாகப் படியேறியவர் பெங்களூரைச் சேர்ந்த பௌவாத் மிர்ஸா. அவருடைய ‘சென்யூர் மெடிகொட்’ வீட்டில் பிறந்த குதிரையன்று, ஜெர்மனியக் குதிரை. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி வென்ற கையோடு அவர் மேலே தாவிவிடவில்லை. ஜெர்மனியில் சான்ட்ரா ஔபார்த்திடம் பயின்று, போலந்துப் போட்டிகளில் தகுதிப் புள்ளிகளைத் தேடி, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இறங்கினார். இறுதி ஜம்பிங் சுற்றுவரை சென்று 23ஆம் இடத்தைப் பெற்றார். அதே ஒலிம்பிக்கின் ஜம்பிங் போட்டியில் இலங்கைக் கொடியின் கீழ் மத்தில்டா கார்ள்சன் சவாரி செய்தார். இந்தத் தீவில் பிறந்து சுவீடன் தம்பதியரால் வளர்க்கப்பட்டவர் அவர்.

புதிய படியின் முதற் போட்டியில் கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது. கிராஸ் கன்ட்ரியில் நேரம் தவறிய ஒவ்வொரு விநாடிக்கும் 0.4 தண்டப் புள்ளிதான். ஐம்பது விநாடி பிந்தினாலும் ஒருமுறை குதிரை தாண்ட மறுத்ததற்குரிய இருபது புள்ளியே நட்டம். அந்த ஐம்பது விநாடியில் குதிரை ஒவ்வொரு தடையையும் பார்த்துப் புரிந்துகொண்டு வந்திருந்தால் அது மலிவான கொள்முதல். பரிசைப் பற்றிய பேச்சு வேண்டாம். மறுநாட் காலை விடியுமுன் லாயத்துக்குப் போக வேண்டும். நான்கு கால்களையும் முழங்காலிலிருந்து குளம்புவரை கையால் தடவி, சூடோ வீக்கமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு தீனித் தொட்டியை எட்டிப் பார்க்க வேண்டும். இரவு வைத்த தீனி அப்படியே கிடந்தால் அந்தப் படி இன்னும் அதற்குச் சொந்தமாகவில்லை. தொட்டி துடைத்ததுபோல் இருந்து, குதிரையும் கதவுக்கு மேலே தலையை நீட்டிக் கனைத்தால், அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம்.