வறுத்த வாதுமையும் வறுத்த மணிலாக்கொட்டையும்

பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சீபுரத்தின் கடைவீதிகளில் இருவகைப் பருப்புகள் விற்பனையாகின்றன. ஒன்று, கண்ணாடிப் புட்டியில் வைத்து நிறுத்துக் கொடுக்கப்படும் வாதுமை. மற்றொன்று, தள்ளுவண்டியில் சுடுமணலிலே வறுபடும் மணிலாக்கொட்டை. முன்னதைப் புஷ்டி தரும் ஆகாரம் என்று மதித்து, குழந்தை பெற்றவளுக்கும் நோயில் கிடந்து எழுந்தவனுக்கும் அரிதில் வாங்கிக் கொடுக்கிறோம். பின்னதையோ பொழுதுபோக்குத் தின்பண்டமாகக் கருதுகிறோம். இம்மதிப்பு எவ்வளவு பொருத்தமானது என்பதைக் குடியானவர்கள் அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில், வாதுமை நம் நிலத்தில் விளைவதன்று; மணிலாக்கொட்டை நம் கையால் விதைத்து நம் கையால் பறிப்பது.

உலகில் விளையும் வாதுமையில் பெரும்பகுதி அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியாவில் விளைகிறது. நம் தேசத்தில் காஷ்மீரத்தில் சிறிதளவு உண்டாகிறது. குளிர்காலத்தில் தகுந்த குளிரும் கோடையில் வறட்சியும் அதற்கு வேண்டும். நம் பள்ளிக்கூட முற்றங்களில் குடைபோல் கிளை பரப்பி நிற்கும் நாட்டு வாதுமை முற்றிலும் வேறு இனத்து மரம். அதன் சிறு பருப்பும் தின்னத் தக்கதே எனினும், கடையில் விற்கும் வாதுமையோடு அதற்கு உறவில்லை.

மணிலாக்கொட்டையும் ஆதியில் அயல் பயிரே. அதன் பிறப்பிடம் தென் அமெரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காட்டில் பரவி, புதுச்சேரித் துறைமுகத்தின் வழியே பிரான்சு தேசத்து எண்ணெய் ஆலைகளுக்கு ஏற்றுமதியாயிற்று. இப்பக்கத்துக் கிராமங்களில் அதை மல்லாட்டை என்று வழங்குவர். திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்னும் ரகம் தேசத்தின் பல பாகங்களிலும் நெடுங்காலம் பயிராகிப் புகழ் பெற்றது.

இனிச் சத்தின் கணக்கைப் பார்ப்போம். எண்ணெயும் உப்பும் சேர்க்காமல் வறுத்த பருப்பு 100 கிராமில் அடங்கியவை ஏறக்குறைய வருமாறு:

புரதம்: வாதுமை 21 கிராம், மணிலாக்கொட்டை 24 கிராம்.
கொழுப்பு: வாதுமை 52 கிராம், மணிலாக்கொட்டை 50 கிராம்.
நார்ப்பொருள்: வாதுமை 11 கிராம்; மணிலாக்கொட்டை 8 கிராம்.
சுண்ணாம்புச் சத்து: வாதுமை 268 மில்லிகிராம், மணிலாக்கொட்டை 55 மில்லிகிராம்.
உஷ்ண சக்தி: வாதுமை 600 கலோரி, மணிலாக்கொட்டை 585 கலோரி.

இதிலிருந்து விளங்குவது யாது? உடலை வளர்க்கும் புரதத்தில் மணிலாக்கொட்டை வாதுமைக்குச் சற்றும் தாழ்ந்ததன்று, சிறிது மேலானதே. நியாசின் என்னும் ஜீவசத்தில் அது வாதுமையைப்போல் பல மடங்கு உடையது. ஆயினும் வாதுமையின் சிறப்பையும் மறைக்கலாகாது. சுண்ணாம்புச் சத்து அதில் ஐந்து மடங்கு மிகுதி. ‘ஈ’ ஜீவசத்தும் மிக அதிகம். ஆனால் சுண்ணாம்புச் சத்துக்கு நம்மிடம் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் மோரும் இருக்கின்றன. கேழ்வரகு அடையோடு ஒரு பிடி வறுத்த மல்லாட்டை சேருமாயின், வாதுமைக்காக ஏங்க வேண்டியதில்லை.

மணிலாக்கொட்டையின் புரதத்திலும் ஒரு குறை உண்டு. லைசின் என்னும் அங்கம் அதில் போதாது. கொண்டைக்கடலை, துவரை முதலிய பருப்புகளில் அது தாராளமாயிருப்பதால், இரண்டையும் சேர்த்து உண்பதே முறை. பொட்டுக்கடலையும் மல்லாட்டையும் கலந்து அரைக்கும் சட்டினி இவ்விதத்தில் மிகவும் தகுந்த சேர்க்கையாகும்.

வறுப்பதனால் சத்து கூடுகிறது என்று சிலர் எண்ணுகின்றனர். உண்மையில், வறுக்கும்போது பருப்பிலுள்ள ஈரம் நீங்குகிறது. அதனால் எடைக்கு எடை பார்க்கையில் கொழுப்பும் சக்தியும் சற்று மிகுந்து தோன்றும். மணமும் சுவையும் பிறக்கின்றன. ஆனால் தயாமின் என்னும் ஜீவசத்து சூட்டில் குறைந்துபோகிறது. கருகும்வரை வறுத்தால் லைசினும் கெடும். ஆகையால் இளந்தீயில், சுத்தமான மணலிட்டு, இடைவிடாது கிளறி, தோல் கையால் கசக்கினால் உரியும் பக்குவத்தில் இறக்கிவிட வேண்டும். வறுத்த பருப்பு பச்சைப் பருப்பைவிட விரைவில் சிக்கு வாடை கொள்ளும். எனவே வேண்டிய அளவே வறுத்து, ஆறியபின் காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்துக்கொள்க.

அமெரிக்காவில் டஸ்கீகி கலாசாலையைச் சேர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், மணிலாக்கொட்டையை மனித ஆகாரமாகச் சமைக்கும் 105 வழிகளை 1916-இல் ஒரு விவசாயத் துண்டுப் பிரசுரமாகவே வெளியிட்டார். 1996-இல் பிரான்சு தேசத்தில் மணிலாக்கொட்டைப் பசையோடு பால்தூள், சர்க்கரை, எண்ணெய் முதலியன சேர்த்து ஓர் ஆகாரம் செய்தனர். கடும் பஞ்சத்தில் மெலிந்த குழந்தைகளை அது பல தேசங்களில் பிழைப்பித்திருக்கிறது. தள்ளுவண்டிப் பண்டத்தின் தகுதி இத்தகையது.

இவ்வளவு நன்மையும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. காய் பூஞ்சக்காளான் பிடியாததாக இருக்க வேண்டும். ஈரமான காயில் வளரும் ஒருவகைக் காளான் அஃப்ளாடாக்சின் என்னும் விஷத்தை உண்டாக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன; அவற்றுக்குத் தீனியாக இட்ட மணிலாப் பிண்ணாக்கில் இவ்விஷம் இருந்ததே காரணம் என்று பின்னர்க் கண்டறிந்தனர். 1974-இல் ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டு, ஈரல் கெட்டு, 100 பேருக்கு மேல் இறந்தனர். சிறிது சிறிதாக நெடுநாள் உட்கொண்டால் ஈரலில் புற்றுநோய் உண்டாகும். வறுப்பதனால் இவ்விஷம் ஓரளவு குறையுமேயன்றி முற்றும் அழியாது. ஐரோப்பியத் தேசங்கள், நேரே உண்ணும் மணிலாக்கொட்டையில் நூறு கோடி பங்குக்கு நான்கு பங்குக்கு மேல் இவ்விஷம் இருப்பின் ஏற்பதில்லை.

நம்மவரில் பலர் திரண்ட பருப்பை வியாபாரிக்கு விற்று, சுருங்கியதும் நிறம் மாறியதுமான கழிவை வீட்டு உபயோகத்துக்கும் மாட்டுக்கும் ஒதுக்குகின்றனர். விஷம் பெரும்பாலும் அந்தக் கழிவிலேயே திரண்டிருக்கும். அதாவது, நல்லதை அயலாருக்கு அனுப்பிவிட்டு, கெட்டதைத் தம் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். மாட்டுக்கு இட்டாலும் அவ்விஷத்தின் ஒரு பகுதி மாறுபட்ட வடிவில் பாலில் இறங்குகிறது. செக்கில் ஆட்டினால் எண்ணெயில் ஓரளவும் பிண்ணாக்கில் பெரும்பகுதியும் தங்கும். ஆகையால் கழிவைப் பிரித்து அகற்றுவதே தகுந்தது.

அதைவிட மேலானது, கெடாமல் தடுப்பது. கவனிக்க வேண்டியவை:

1. காய் முற்றியதும் தாமதியாமல் பிடுங்குக. கடைசி மாதத்தில் வறட்சியில் வாடிய பயிரில் காளான் எளிதில் பற்றும். நீர் வசதியுள்ளோர் அப்போது ஒரு தண்ணீர் கட்டுக.

2. பிடுங்கிய செடிகளைக் காய் மேல்நோக்கி இருக்கும்படி வயலில் பரப்பிக் காய வைக்க. ஈரத்தோடு குவியலாகப் போடலாகாது.

3. ஆடிப்பட்டத்துக் காய் ஐப்பசி மழையில் அகப்படும். அக்காலத்துக்குத் தார்ப்பாயை முன்னதாகவே சேகரித்து வைக்க. பங்குனி, சித்திரையில் பறிப்பதற்கு இவ்வச்சம் குறைவு.

4. ஈரம் 100-க்கு 8 அல்லது 9 பங்காகும்வரை உலர்த்துக. காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலிக்க வேண்டும்.

5. தோல் எளிதில் உடையும் என்றோ, எடை கூடும் என்றோ தண்ணீர் தெளித்து உடைக்கும் வழக்கத்தை அறவே விட்டொழிக்க. காளானுக்கு நாமே இடும் விருந்து அது.

6. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குக.

கிராம அதிகாரிகள் ஐப்பசிக்கு முன்பே பொதுக்களங்களைச் செப்பனிட்டு, மேற்கூரையுள்ள இடங்களைக் காய் காய வைக்கத் திறந்துவிடுவார்களாயின் பேருபகாரமாகும்.

முடிவாக ஒரு கணக்கு. ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 30 கிராம் பருப்பு போதும்; அதில் 7 கிராம் புரதம் கிடைக்கும். ஐவர் உள்ள குடும்பத்துக்கு வருஷம் முழுவதற்கும் சுமார் 55 கிலோ பருப்பு வேண்டும். 100 கிலோ காய்க்கு 70 கிலோ பருப்பு வீதம் அதற்கு ஏறக்குறைய 80 கிலோ காய் தேவை. 40 கிலோ பிடிக்கும் மூட்டையாயின் இரண்டே மூட்டை. வியாபாரி வருவதற்கு முன், களத்திலேயே, நன்கு திரண்ட காயாகப் பார்த்து இவ்விரண்டு மூட்டையை வீட்டுக்கென ஒதுக்கி விடுக. சிறு குழந்தைகளுக்கு முழுப் பருப்பைக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். பொடித்து வெல்லத்தோடு கொடுக்க. உடம்பில் தடிப்போ மூச்சுத் திணறலோ காணும் சிலருக்கு இது அறவே ஆகாது. மற்றெல்லோருக்கும், வாதுமை வாங்கும் செலவில்லாமலே, அதற்கு நிகரான ஆகாரம் நம் மணற்பாங்கான நிலத்தில் விளைந்து கிடக்கிறது.